பனைக்குப் போன விளக்குச் சரம்

அன்று இரவு மைனஸ் பதினைந்து வரை குளிரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஹங்கேரியின் ஸெகெட் நகரில் எங்கள் தோட்டத்து விசிறிப்பனையின் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, பெட்டியிலிருந்த விளக்குச் சரத்தைச் சுற்றி, மேலே துணி போர்த்தினேன். பல்புகளின் சூட்டில்தான் பனை குளிர்காலத்தைத் தாண்டும். எரிந்த பல்புகளைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தன.

"பிரோஷ்கா, பழைய சரம் எங்கே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"குப்பை வண்டியில போட்டுட்டேங்க. இது புது எல்இடி, கரண்டே இழுக்காது."

"சூடும் வராதே!"

அவள் புதுச் சரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் பெரியவர் கெல்லர்ட்டின் கிறிஸ்துமஸ் மரத்தில் பழைய பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"மாமா, இத வச்சுக்கிட்டு உங்க பழசைக் குடுங்க."

"ஏம்மா, மரம் வளர்க்கிறீங்களா, மாப்பிள்ளை வளர்க்கிறீங்களா? எனக்கே இந்தச் சீராட்டு நடந்ததில்ல!" என்று சிரித்தபடியே சரத்தை உருவிக் கொடுத்தார்.

அதைப் பனையில் சுற்றி எரியவிட்டு, இருட்டும்போது போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கோழிக்குஞ்சைத் தொட்டதுபோல் கதகதப்பாக இருந்தது.