ஆறாவது மேஜை

மூன்று கோடி யென். ஹிகாஷி ஒசாகாவில் தண்ணீர் பம்பு செய்யும் அந்தக் கம்பெனி, கணினிச் சேவைகளுக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம். இருபது வருடமாக அது முழுவதும் பழைய ஆர்டர் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் அதில் ஒரு கோடியைப் பிரித்து, கம்பெனித் தகவல்களின் நகல் ஒன்றை வெளியிடத்தில் வைக்கவும், கணினிகளுக்கு இரவு பகல் காவல் போடவும் ஏற்பாடு செய்தே தீர வேண்டும் என்று கணினிப் பிரிவுத் தலைவி மினெகிஷி ஒற்றைக்காலில் நின்றாள். போன மாதம் பக்கத்துத் தெரு போல்ட் கம்பெனியின் கணினிகளை இணையத் திருடர்கள் பணம் கேட்டுப் பூட்டிவிட்டார்கள். பதினோரு நாள் ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. அங்கே கணினி பார்த்தவர் ஒவ்வொரு வாடிக்கையாளர் வாசலுக்கும் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இங்கே நடந்தால் குனிய வேண்டியது இவள்.

செலவை முடிவு செய்யும் கூட்டத்தில் பேசி யாரையும் மாற்ற முடியாது. முன்கூட்டியே மேஜை மேஜையாகப் போய்ச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். கூட்டம் சும்மா சடங்கு. கூட்டத்துக்கு வரும் ஆறு தலைவர்களில் ஐந்து பேரிடம் போனாள். ஆறாவது ஆள், விற்பனைத் தலைவர் தொகுனாகா, வேலையாக நகோயா போயிருந்தார். நாள் நெருங்கிவிட்டதே என்று அவருக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பினாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

கூட்டத்தில் தொகுனாகா கைகளைக் கட்டிக்கொண்டார். "எங்கிட்ட யாரும் இதப் பத்திப் பேசவே இல்லையே."

சம்மதம் சொன்ன ஐந்து பேரும் குனிந்து தாள்களைப் பார்த்தார்கள். "அடுத்த வருஷம் நிதானமா பார்ப்போம்" என்றார் முதலாளி. அவ்வளவுதான், முடிந்தது.

வெளியே காபி இயந்திரத்தருகே தொகுனாகா அவளுக்கும் ஒரு டப்பா வாங்கி நீட்டினார். "மனசுல வச்சுக்காதீங்க மினெகிஷி சான். திட்டம் அருமையான திட்டம்."

"மெயிலைப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

"அப்புறம் ஏங்க...?"

"அஞ்சு பேர் மேஜைக்குப் போயிருக்கீங்க. நான் மட்டும் என்ன, இளிச்சவாயனா?"

"சரிங்க. திருடன் வந்தா மொதல்ல உங்களைப் பார்த்துட்டு வரச் சொல்றேன்."

அவர் சிரித்தார். அவள் டப்பாவைத் திறக்காமலே தன் மேஜைக்குத் திரும்பினாள்.

மூன்று கோடியையும் பழையவர்களுக்கே கொடுக்கும் தாளைத் தயாரிக்க வேண்டியவளும் அவள்தான். வெள்ளிக்கிழமை அதில் கையெழுத்துக்குப் பதிலான தன் முத்திரையைக் குத்தி எடுத்துக்கொண்டு நேராகத் தொகுனாகாவிடம் போனாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஒரு வரிகூடப் படிக்காமல் முத்திரை குத்தினார்.