ஆணியில் தொங்கும் இருநூறு ரொட்டி

ஹம்தாமுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. இருட்டோடு எழுந்து தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு இருநூறு ரொட்டி அறைந்திருக்கிறான். எல்லாம் கல்யாண ரொட்டி. தண்ணீருக்குப் பதில் பால், மேலே கருஞ்சீரகம், நடுவில் அவனுடைய எட்டிதழ்ப் பூ முத்திரை. ஓஷ் நகரத்தில் ஒரே நாளில் இருநூறு கேட்டால் அது கல்யாணம்தான். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

விசாரித்திருக்கலாம்.

முதல் நூறைக் காலையிலேயே பழைய பட்டு ஆலையின் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். மீதியை, ரொட்டி விற்க வைத்திருக்கும் பழைய குழந்தை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால் மேளமும் இல்லை, பந்தியும் இல்லை. சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஒன்றாக அவன் ரொட்டி, முத்திரை உள்ள முகம் சுவரைப் பார்க்க, கரி படிந்த முதுகு வெளியே. ஏணிமேல் நுர்ஸாத், ரொட்டிக்குச் சொல்லியிருந்த தலைநகர் பிஷ்கெக்காரப் பெண், வாயில் நூலைக் கவ்வியபடி.

“மாப்ள எங்க தாயி?”

“எந்த மாப்ள? இது கண்காட்சிண்ணே. இருபது நாள் இப்படியே தொங்கும். பூஞ்சணம் பூத்து, பச்சையும் கறுப்புமா நிறம் மாறும். அதான் என் படைப்பு.”

ஹம்தாம் வண்டியை அப்படியே விட்டான். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கிற வீட்டில் இந்த ஊரில் ஒருவரும் தேநீர்கூடக் குடிக்கமாட்டார்கள். மதியம் கதவு திறந்தால் சந்தையே வந்து பார்க்கும். ஒன்றைப் புரட்டினால் போதும், அவன் முத்திரை. நாளைக்கு அவனிடம் ரொட்டி வாங்க ஒரு நாதி இருக்காது.

“எல்லாத்தையும் திருப்பு.”

“முகத்துல பூ இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்ணே. முதுகுலதான் நீங்க பட்ட பாடு தெரியுது.”

“நான் பட்ட பாடு என் தோள்ல இருக்கு. நீ ரொட்டியத் திருப்பு. அப்புறம், இந்த ஜூலை வெயிலுக்கு இங்க எது பூக்கும்? மூணே நாள்ல ஓடு மாதிரி காஞ்சிரும். சுத்தியல் வச்சுத்தான் உடைக்கணும்.”

அவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இத யாரும் எனக்குச் சொல்லலையே.”

“நீ ரொட்டிக்காரனக் கேக்கல. நான் உன்னக் கேக்கல. கணக்குச் சரியாப் போச்சு.”

இரண்டு பேருமாகத் திருப்பத் தொடங்கினார்கள். பாதிகூட முடியவில்லை, முட்டைக்காரி ஸலீமா ஆறேழு பெண்களோடு உள்ளே வந்துவிட்டாள். அவள் வாய்க்குப் பயந்து சந்தையே ஒதுங்கி நடக்கும்.

“ஹம்தாம், ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? எங்க வீட்லயும் ஒரு ரொட்டி தொங்குது. எம்மவன் மாஸ்கோ போறப்ப ஒரு வாய் கடிச்சுட்டுப் போனது. திரும்பி வந்து மிச்சத்தத் திம்பான். இங்க எவன் ஊருக்குப் போனான்னு இத்தனை தொங்குது?”

ஹம்தாமின் வாய் தானாகச் சொன்னது:

“இனிமேதான் போவான். பின்னாடி பஸ்சு நிக்குதுல்ல.”

ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்கு ஆளேற்றும் பஸ் ஆலைக்குப் பின்னால்தான் நின்றது. ஸலீமா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வெளியே போய், பஸ் ஏற நின்ற நாலு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“கடிங்கடா. கொஞ்சமாக் கடி, நீ என்ன விருந்துக்கா வந்திருக்க? வந்து திங்க மிச்சம் வேணாமா?”

“வர்றதுக்குள்ள இது கல்லாயிருமே அத்தே.”

“அப்ப பல்லு விழறதுக்குள்ள வந்து சேரு.”

சேதி பரவி அடுத்த பஸ்ஸின் ஆட்களும் வரிசையில் வந்தார்கள். ஹம்தாம் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். கடித்ததை முகம் தெரிய மாட்டினான். நுர்ஸாத் அதற்குக் கீழே சுவரில் கடித்தவன் பேரை எழுதினாள். இடையிடையே, “நான் நெனச்சது இது இல்லண்ணே” என்று சிரித்தாள். சாயங்காலத்துக்குள் நூற்றெழுபது ரொட்டியில் பல் பட்டிருந்தது. ஸலீமாவோ போகிறபோது, நாளைக்குத் தனக்குப் பத்து ரொட்டி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நுர்ஸாத் பிஷ்கெக் கிளம்பினாள். ஹம்தாம் ஒரு ரொட்டியை எடுத்து அவளிடமும் நீட்டினான். “நீயும் போறவதான?”

அவள் ஒரு வாய் கடித்தாள். அதற்குள்ளேயே அது காய்ந்துபோயிருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு மென்றாள். மீதி முக்கால் ரொட்டி அவள் பேருக்கு மேலே தொங்குகிறது. அதை அவள் வந்து தின்ன வேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது.