மஸ்கட் மாத்திரை

குஞ்ஞேப்பின் மூச்சு நின்றபோது அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மனைவி ஏலிக்குட்டி, அண்ணன் அவிராச்சன், பால்பாத்திரம் வாங்க வந்த பக்கத்து வீட்டு ரோசக்குட்டி, ஹோம் நர்ஸ் சுஜா. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து பத்து. ஆம்புலன்ஸ் ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி வந்து சேர்ந்தபோது ஐந்து இருபது.

வெள்ளிக்கிழமை காலை பாறேத்தோட்டம் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தலின் கீழே கண்ணாடிப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றபடி ஒன்றுவிட்ட தம்பி மத்தாயிக்குஞ்ஞு சொன்னது அவிராச்சன் காதில் விழுந்தது.

"சாகும்போது அவ பக்கத்துலயே இல்லையாம். போன்ல பேசிட்டு இருந்திருக்கா. மருந்தை மாத்திக் குடுத்துட்டா, அதான் விஷயம். இப்ப மூக்கைச் சிந்திக்கிட்டு அடுக்களைப் படியில நிக்கிறா."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுக்களைப் படியில் சுஜா தன் ரெக்சின் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நெடுங்கண்டத்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளாக யாரும் அவளைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

அவிராச்சன் நாற்காலி அடுக்கியவன்மேல் பாய்ந்தார். "இப்படியா போடுறது? பாதிரியார் எந்த வழியா வருவார், உன் தலை மேலயா?"

எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொல்ல வந்தவனின் முகத்தைப் பார்த்தே பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவார் என்று பேர். பத்திரிகைக்குக் கொடுத்த மரண அறிவிப்பில் ஒரு பெயர் முன்பின்னாக வந்ததற்கு நேற்று அரை மணி நேரம் போனில் கத்தியிருந்தார். எல்லார்மேலும் கோபம். மழைமேல் கோபம், பந்தல்காரன்மேல் கோபம், இழுத்து இழுத்து ஒப்பாரி வைக்கும் அத்தைமேல் கோபம். முண்டு வேட்டியின் மடியில் ஒரு மாத்திரை அட்டை மடங்கிக் கிடந்து இடுப்பை உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தம்பியின் கண்ணை மூடிவிட்டதும், அவர் முதலில் செய்த காரியம் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டதுதான்.

குஞ்ஞேப்பு குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது போன மாதம். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. காலில் ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள். கணினியைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"பிரஷருக்கு ஒண்ணு. அவ்வளவுதான்," என்றார் அவிராச்சன்.

அவ்வளவுதான் இல்லை. இரண்டு வருஷமாக மஸ்கட் மாத்திரை ஒன்று இருந்தது. குஞ்ஞேப்பின் மகள் பின்சி அங்கே நர்ஸ். அப்பன் ஒருமுறை போயிருந்தபோது நெஞ்சு தாறுமாறாகத் துடித்தது என்று அங்கேயே காட்டி, அதற்குப் பிறகு ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தனுப்புவாள். பால்பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். விருந்தாளிகள் வந்தால் ஏலிக்குட்டி டப்பாவைத் திறந்து காட்டுவாள். "இங்க கிடைக்காது, எங்க பின்சி அனுப்புறது."

அந்த மாத்திரை வந்த காகித உறையில் பின்சி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது. முதல் முறையே அவிராச்சன் அதைப் பார்த்துவிட்டார். வார்டு அலமாரியிலிருந்து எடுத்து அனுப்புகிறாளோ என்று அன்றைக்கே மனதில் ஒரு முள் தைத்தது. கேட்கவில்லை. பாறேத்தோட்டத்துப் பெண்ணிடம் அப்படி ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது? உறையைக் கிழித்து அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு அந்த மாத்திரையைப் பற்றி வெளியே ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆஸ்பத்திரி மேசையில் சொல்லாமல் விட்டதும் அதனால்தான். சொன்னால் டாக்டர் சீட்டு எங்கே என்பார்கள். சீட்டு இல்லையென்றால் எங்கிருந்து வந்தது என்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பியதோ, பழைய சாக்கை உதறிக் கொடுப்பதுபோல. கட்டில் காலியாக வேண்டியிருந்தது அவர்களுக்கு. ஒரு நர்ஸ் வாசலில் நின்றபடி, இன்னொரு நோயாளியின் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டே, எட்டு மருந்தின் பெயரை ஒரே மூச்சில் படித்தாள். "புரிஞ்சுதா அப்பச்சா? சந்தேகம்னா பேப்பர்ல நம்பர் இருக்கு." புரிந்தது என்றார். சிரஸ்தாருக்குப் புரியாமல் போகுமா?

ஹோம் நர்ஸ் ஏஜென்சி சுஜாவை அனுப்பியது. பஸ் ஸ்டாண்டுக்கு மேல் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை. நர்ஸ் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்று வாரப் பயிற்சி, அதில் ஒரு வாரம் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்தது என்று அவளே சொன்னாள். பொய் சொல்லத் தெரியவில்லை. அவிராச்சனுக்கு அன்றைக்கே அவளைப் பிடிக்கவில்லை.

வந்த முதல் நாள் மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பச்சா, இதும் இதும் ஒண்ணுதானா? பெரிய எழுத்துல பேரு வேற. ஆனா அடியில பொடி எழுத்துல ஒரே பேருதான் இருக்கு."

"பத்தாங்கிளாஸ் படிச்சவளா நீ?"

"பிளஸ் டூ. ஒரு பாடம் போச்சு."

"அப்ப டாக்டர் வேலையை டாக்டர் பார்க்கட்டும். அது எங்க பொண்ணு அனுப்புற மருந்து. அது நிக்காது. இதும் குடு, அதும் குடு."

நான்காம் நாள் வெற்றிலைத் தோட்டத்துப் பக்கம் நின்றிருந்தவரைத் தேடி வந்தாள். "பல்லு தேய்ச்சு விடுறப்ப பிரஷ் பூரா ரத்தம் அப்பச்சா. கையில, தொடையில எல்லாம் நீலம் பாரிச்சிருக்கு. அந்த மாத்திரையை நிறுத்திட்டுக் கேட்டுப் பார்ப்போமா? பின்சி சேச்சிக்கு ஆஸ்பத்திரி பேப்பரை போட்டோ எடுத்து அனுப்புறேன். அவங்களும் ரெண்டு தடவை கேட்டாங்க."

"கூலிக்கு வந்தவ போன்ல எங்க வீட்டுக் காகிதம் போகாது. அறுத்துத் தைச்ச உடம்புன்னா நீலம் பாரிக்கத்தான் செய்யும்."

பின்சி போனில் கேட்டபோதும், "எல்லாம் நல்லபடியா நடக்குது, நீ உன் டூட்டியைப் பாரு," என்று வைத்துவிட்டார்.

எட்டாம் நாள் மலம் தார் மாதிரி கருப்பாகப் போனது. சுஜா காகிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். இங்கிலீஷில் ஒரு பெண்குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. கடைசியில் கிடைத்த ஆள், "டாக்டர் ஓ.பி.யில இருக்கார், திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றான். அன்று திங்கட்கிழமைதான். ஏஜென்சிக்குப் போன் செய்தாள். "வீட்டு ஆளுங்க சொல்றதைச் செய். உனக்கு எதுக்கு வம்பு?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"குடு. நான் சொல்றேன், குடு," என்றார் அவிராச்சன்.

கட்டிலில் குஞ்ஞேப்பு சிரித்தான். "குடுத்துடு கொச்சே. எங்க அச்சாயன் சொன்னா எங்க அம்மச்சியே மறுத்துப் பேச மாட்டா." அவ்வளவு பேசியதே கடைசி. மறுநாள் மத்தியானம் தலைவலி என்றான். வாயுத் தொல்லை, சீரகத் தண்ணீர் கொடு என்றார் அண்ணன். மூன்று மணிக்கு வாந்தி எடுத்தான். நாலரைக்கு ஒரு கண் மேலே செருகியது. யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவள் சுஜா. போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்று மத்தாயிக்குஞ்ஞு சொன்னானே, அந்தப் பேச்சு அதுதான்.

பின்சி விமான நிலையத்திலிருந்து பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாள். கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்து அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக அப்பனின் அறைக்குள் போய் நின்றாள். அலமாரி, மேசை, பால்பவுடர் டப்பா என்று அவள் கண் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. அவிராச்சன் வாசலில் நின்றார்.

"டிஸ்சார்ஜ் பேப்பர் எங்க பெரியப்பா?"

"இருக்கு. அடக்கம் முடியட்டும்."

"நான் அனுப்புற மாத்திரையைப் பத்தி ஆஸ்பத்திரியில சொன்னீங்கல்ல?"

பந்தலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி உருண்டது. இன்னொரு மணி உருண்டது.

"ஏன் சொல்லல?"

"உறையில உன் ஆஸ்பத்திரி முத்திரை இருந்துச்சு," என்றார்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகத்தையே பார்த்தாள். "டாக்டர் சீட்டு எழுதி, எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் மருந்துக் கடையில வாங்குனது. பில்லு கூட என் பெட்டியில கிடக்கு. நான் திருடுறேன்னா ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தீங்க?"

அவள் அவரைத் தாண்டிப் போனாள். தோள் இடிபடாமல், புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, அந்நியரைத் தாண்டிப் போவதுபோலப் போனாள்.

மழை விட்ட நேரத்தில் அடக்கம் முடிந்தது. அவிராச்சன் ஒரு பிடி மண்ணும் சாம்பிராணியும் போட்டார். மண் ஈரமாக இருந்ததால் கையிலிருந்து உதிரவில்லை. உதறத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பந்தலில் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். கஞ்சி, பயறு, சுட்ட பப்படம். பந்தி பாதி போய்க்கொண்டிருந்தபோது ஏஜென்சிக்காரன் வந்தான். சிபி என்று பேர். மழையில் நனையாமல் ஒரு காகிதத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தான். மத்தாயிக்குஞ்ஞு அவனைத் தோளில் தட்டி அடுக்களைப் படிக்குக் கூட்டிப் போனான்.

"கையெழுத்துப் போடு சுஜா. போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்னு இவங்க பெருந்தன்மையா சொல்றாங்க. 'என் கவனக்குறைவால் மருந்து மாறிவிட்டது'ன்னு மட்டும்தான் இருக்கு," என்றான் சிபி.

"நான் மாத்தலையே."

"போடலைன்னா உன் சர்ட்டிபிகேட் ஆபீஸ்லயே கிடக்கும். இந்த ஜில்லாவுல ஒரு வீட்லயும் ஏத்த மாட்டாங்க."

அவள் அவிராச்சன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். பேனாவை வாங்கினாள்.

அவிராச்சன் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் குரல் அவருக்கு இன்னும் போகவில்லை.

"அந்தப் பேனாவைக் கீழ வை."

பந்தி முழுவதும் பலா இலைக் கரண்டிகள் பாதியில் நின்றன. மடியை அவிழ்த்து, மாத்திரை அட்டையை எடுத்து, பயற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதும், ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பத்திரியில எழுதினதும் ஒரே மருந்து. இதை ஆஸ்பத்திரியில சொல்லாம நான் மறைச்சேன். ரெண்டையும் குடுன்னு நான் சொன்னேன். இவ மூணு தடவை என்கிட்ட வந்தா. மூணு தடவையும் நான் விரட்டுனேன்."

"அச்சாயா, சும்மா இருங்க," மத்தாயிக்குஞ்ஞு ஓடி வந்து கையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினான். "பாதிரியார் இருக்கார். குடும்பப் பேரு..."

"குடும்பப் பேரா? அதைத்தான்டா ரெண்டு வருஷமா காப்பாத்துனேன். இப்ப மண்ணு போட்டு மூடிட்டு வந்திருக்கோம்." கையை உதறினார். "டேய் சிபி, மூணு வாரத்துல படுக்கை விரிக்கக் கத்துக் குடுத்து நர்ஸுன்னு அனுப்புன. அவ உனக்குப் போன் பண்ணப்ப என்ன சொன்ன? அதை எழுது. அதுல கையெழுத்துப் போடு. திங்கட்கிழமை இந்தப் பொண்ணு சர்ட்டிபிகேட் இவ கையில இருக்கணும். இல்ல, நான் கோர்ட்டுக்கு வழி மறந்தவன் இல்ல."

சிபி காகிதத்தை மறுபடி சட்டைக்குள் திணித்தான்.

பின்சி பந்தலின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏலிக்குட்டி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஒருவரும் எழுந்து வரவில்லை.

அவிராச்சன் தன் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். "உக்காரு. கஞ்சி குடிச்சிட்டுப் போ."

சுஜா பையைப் படியில் விட்டுவிட்டு வந்து, உறவுக்காரர்கள் வரிசையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் நின்றார். அவள் கிண்ணம் காலியாகும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

தம்பி போன துக்கத்தில் அவிராச்சனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அதனால்தான் செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிட்டார் என்று பாறேத்தோட்டத்துக்காரர்கள் சர்ச் பங்கு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது உண்மையல்ல. அன்று அவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.