பெரிய பூச்சி

வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், பிள்ளைப்பாக்கத்தில் யாரும் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்குமாம். அதனால் அதற்குப் பூச்சி என்று பேர். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி ஸ்கிராப் யார்டில் இளம்பரிதியைக் கடித்ததும் பூச்சிதான்.

“பெரிய பூச்சி கடிச்சிடுச்சி கலை. நர்சிங் ஹோமுக்கு வந்துகினு கீறோம்,” என்று மனைவிக்குப் போன் போட்டான். கலைமதிக்குப் புரிந்துவிட்டது. அடித்துப் பிடித்து ஓடினாள்.

கூட வந்த சூப்பர்வைசர் சாம்சனுக்கும் நன்றாகவே புரிந்திருந்தது. அவர் சர்ச்சுக்குப் போகிறவர், வெள்ளி செவ்வாய் பார்க்கிறவர் இல்லை. ஆனால் உள்ள பேரைச் சொன்னால், யார்டில் புல்லை ஏன் வெட்டவில்லை என்று மேலே கேட்பார்கள். பூச்சி என்றால் எவன் கேட்கப்போகிறான்? அன்றைக்கு மட்டும் அவருக்கும் சாஸ்திர சம்பிரதாயத்தில் அபார நம்பிக்கை வந்துவிட்டது.

டியூட்டி டாக்டர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

“என்னம்மா ஆச்சு?”

“பூச்சி கடிச்சிடுச்சி சார். பெரிய பூச்சி.”

“குளவியா இருக்கும்,” என்று தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு, அலர்ஜிக்கு ஊசி போட்டு, வீங்கிய கணுக்காலுக்கு ஐஸ் வைக்கச் சொன்னார். விஷமுறிவு ஊசிதான் போட்டாயிற்று என்று கலைமதி நிம்மதியாக வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். மொட்டை அவளுக்கு இல்லை, புருஷனுக்கு.

விஷம் பேரையெல்லாம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இளம்பரிதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மானிட்டரில் அவன் இதயம் ஷேர் ஆட்டோ மாதிரி நினைத்த இடத்தில் நின்று, நினைத்தபோது கிளம்பியது.

“சிகரெட்டா? தண்ணியா? முன்னாடியே ஹார்ட் பிராப்ளம் இருக்கா?” டாக்டர் குழம்பிப்போனார். “குளவி கொட்டினா துடிப்பு இப்படித் தப்பாதே.”

“குளவியா?” கலைமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்சனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“பாம்பு சார்! பாம்பு!”

“ஐயோ, இதைச் சொல்ல இவ்ளோ நேரமா?”

“வந்ததுலேர்ந்து அதத்தான சொல்லிகினு கீறேன்! பூச்சின்னா பாம்புதான்! இது கூடவா தெரியாது? இன்னாய்யா படிச்ச நீ?” ஆத்திரத்தில் பாதி டாக்டர் மேல், மீதி தன் மேலேயே.

விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும் துடிப்பு ஒருமுறை நின்றேபோனது. டாக்டர் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். முருகா, மொட்டை எனக்கே போட்டுக்கிறேன், அந்த ஆள விட்டுடு என்று கலைமதி கெஞ்சினாள்.

விட்டுவிட்டான். துடிப்பு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. வெகுநேரம் கழித்து இளம்பரிதி கண் திறந்தான். கலைமதி பாய்ந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்வை அவளைத் தாண்டி, பின்னால் நின்ற சாம்சனிடம் போய் நின்றது.

“சார்... ஓவர்டைம பாதியில வுட்டுட்டு வந்துட்டேன். கோச்சிக்காதீங்க.”

கலைமதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாம்சன் பெரிய மனசு பண்ணி, “பரவால்ல தம்பி,” என்று அவனை மன்னித்துவிட்டார்.