வரிசையில் முந்திய கல்

தொழிலாளர் அலுவலக வரிசையில் மோண்டேயின் கல் தானாக நடந்து முதலிடத்துக்குப் போனது மே மாதத்திலா ஜூனிலா என்பது இதைச் சொல்கிறவருக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. எங்கள் பக்கத்தில் அது குளிர் தொடங்கும் காலம் என்பதுவரை சொல்லலாம். அன்று எத்தனை பேர் வரிசையில் இருந்தார்கள் என்பதிலும் இரண்டு பேச்சு உண்டு. வாயிற்காவலர் நூற்றெண்பது என்றார், வரிசையில் நின்ற தோபேகா இருநூற்றுப் பத்து என்று இன்றுவரை சாதிக்கிறாள். நினைவும் தேய்ந்த தையல் ஊசியைப் போலத்தான், சில இடங்களில் துணியைப் பிடிக்காமல் தாண்டிவிடுகிறது. ஆனால் கல் நடந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. முந்தின நாள் மாலை எண்பத்தேழாவதாக வைக்கப்பட்ட கல் அது. சாம்பல் நிறம், ஒரு ரொட்டியின் அளவு, ஒரு பக்கம் தட்டை. காலை ஏழு மணிக்கு அது கதவுக்கு நேர் முன்னால் இருந்தது. அதன்மேல் சாக்பீஸால் எழுதிய பெயர் அழியவில்லை.

வரிசைக்குக் கல் வைப்பது எங்கள் ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. அலுவலகம் ஏழரைக்குத் திறக்கும். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு மேல் பார்க்கமாட்டார்கள். இருட்டோடு வந்து நின்றவர்களிடம் போனையும், சில சமயம் கால் செருப்பையும்கூடப் பறித்துக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு, பொழுது சாய்வதற்குள் கல்லில் பெயர் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அடுத்தவர் கல்லை யாரும் தொடுவதில்லை. அடுத்தவன் மனைவியோடு ஓடிப்போனவனைக்கூட ஊர் ஒருநாள் மறுபடி சேர்த்துக்கொள்ளும், கல்லை நகர்த்தினவனைச் சேர்த்துக்கொள்ளாது.

தவறு நடந்தது கல்லை எடுத்த இடத்தில். அந்த வாரம் குழாயில் தண்ணீர் வராததற்காகப் பையன்கள் தெருவில் கிடந்த கல் அத்தனையையும் நகராட்சி லாரிகள்மேல் எறிந்தார்கள். நகராட்சி அந்தக் கற்களை அதே லாரிகளில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. தண்ணீரும் வரவில்லை, கல்லும் போயிற்று. மறுநாள் மோண்டேக்குக் கையெழுத்து நாள். வேலையில்லாப் படி வாங்குகிறவர்கள் மாதம் ஒரு முறை நேரில் வந்து, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். நாள் தவறினால் கோப்பு மூடப்படும். கோழிப் பண்ணையில் வேலை கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலோடு குன்றுச் சாலையில் இறங்கி வந்தவன், வழியோரத்துக் கற்குவியலின் முன் நின்றான். ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் ஒரு கல்லை எடுத்து, அதில் எச்சில் துப்பி, நல்ல வழி கொடுங்கள் என்று முன்னோரைக் கேட்டு அந்தக் குவியலில் சேர்த்துவிட்டுப் போவார்கள். எத்தனை தலைமுறையாகச் சேர்ந்தது என்று தெரியாது. சேர்த்தவர்கள் உண்டு, எடுத்தவர் கிடையாது. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, அதற்குத் தேவை வந்ததில்லை. மோண்டே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒரு நாளைக்குத்தான். கொண்டாந்து வெச்சிடறேன்" என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டான்.

காலையில் தோபேகாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம் அவனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவள். குலப்பெயர் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"ஏன் ஜோலா, மதியச் சோத்து வரிசையிலகூட நீ ஒருநாளும் முந்தினதில்லையே. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"நான் தொடல தோபேகா. இப்பத்தான் வர்றேன்."

"அப்ப கல்லே நடந்து வந்துச்சாக்கும்?"

"வந்திருக்கும்போல."

பின்னாலிருந்து ஒருவர், "காலு இருக்கிற கல்லுன்னா பாத்துப்பா, செருப்பைப் புடுங்கிடப் போறானுங்க" என்றார். வரிசை முழுதும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கல் இன்னும் ஒரு சாண் நகர்ந்து கதவில் மெல்ல முட்டி நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். காவலர் தன் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளே மிஸ் ஜெஃப்தா கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். அதே கேள்விகளைப் பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"வேலை தேடினீங்களா?"

"தேடினேம்மா."

"கிடைச்சுதா?"

"கிடைச்சிருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

"அப்படியும் வர்றாங்கய்யா. கையெழுத்துப் போடுங்க."

ஆலை மூடியது அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. இருக்கைகளை இனி வேறொரு நாட்டில் தைப்பது என்று கடல் கடந்து எங்கோ ஒரு மேசையில் முடிவாகியிருந்தது. நாற்பத்துமூன்று வயதில் மோண்டேக்குப் பன்னிரண்டு மாதப் படி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கடிதத்தைக் காட்டியபோது அவன் மனைவி நொசூக்கோ அதை இரண்டு முறை படித்தாள். கேப்டவுனில் இருக்கும் அவள் தங்கை முதியோர் விடுதியொன்றில் வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு கையெழுத்து முடிவதற்குள் உனக்கு வேலை கிடைத்தால் நான் போகமாட்டேன், கிடைக்காவிட்டால் மகள் லிலிதாவைக் கூட்டிக்கொண்டு போவேன் என்றாள். கோபத்தில் சொன்னதல்ல. சோளமும் பீன்ஸும் வெந்துகொண்டிருந்த பானையைக் கிளறியபடி சொன்னாள். மோண்டேயின் அப்பா தொலைதூரத் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவரைக் கண்ணால் பார்த்த மொத்த நாட்களையும் சேர்த்தால் பதினோரு மாதம் தேறும் என்று அவன் சிறுவயதிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தான். தன் வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவன் வாழ்க்கையில் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

ஆகவே கல்லைத் திருப்பி வைக்கவில்லை. வேலை வரிசைகளுக்கு எடுத்துக்கொண்டு போனான். மொத்தச் சரக்குக் கிடங்கில் ஒன்பது இடத்துக்கு ஆயிரத்து நானூறு பேர் வந்தார்கள். கல் அத்தனை பேரையும் தாண்டி வாசலில் போய் நின்றது. முன்னால் நிற்பவர்கள் இடித்துத் தள்ளி வந்தவர்கள் என்று மேலாளர் கடைசியிலிருந்து ஒன்பது பேரை எடுத்தார். செங்கல் சூளையில் முதலாவதாக நின்றான். முப்பத்தைந்து வயதுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்திலும் முதல் ஆள் அவன்தான். அந்த இடத்துக்கு எடுக்கப்பட்ட ஆள் உள்ளே போர்வைகளைத் துவைக்க ஆரம்பித்து நான்கு நாள் ஆகியிருந்தது. சான்றிதழ் நகல்களில் முத்திரை வாங்கக் காவல் நிலையத்துக்குப் போனால் அங்கேயும் கல் அவனை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. முத்திரைக்கு மை தீர்ந்திருந்தது. கல்லுக்கு வழி தெரிந்திருந்தது. அதற்கு வேறு ஒன்றும் தெரியாது.

ஊர் இதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. மோண்டே எங்கே போனாலும் முதலாவதாக நிற்கிறான் என்பது மட்டும்தான் எல்லார் கண்ணிலும் பட்டது. ஆகஸ்டில் ஒருவர் குன்றுச் சாலைக்குப் போய் ஒரு கல்லோடு திரும்பினார். அடுத்த நாள் ஏழு பேர் போனார்கள். தோபேகா தள்ளுவண்டியே கொண்டுபோனாள், தம்பிக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் சேர்த்து. மூன்று வாரத்தில் குவியல் இருந்த இடத்தில் வெளிறிய மண்ணும் சில பூரான்களும்தான் மிஞ்சின. இப்போது வரிசையில் எல்லாக் கற்களும் நடந்தன, எல்லாம் ஒரே வேகத்தில். அதனால் யாரும் யாரையும் முந்தவில்லை. காலையில் கதவை அடைத்துக் குவிந்து கிடப்பவற்றைக் காவலர் மண்வெட்டியால் தள்ளித்தான் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது. பேருந்தேறி வெளியூர் போகிறவர்களுக்கு எச்சில் துப்ப இடமில்லை. விழுங்கிவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் போனவர்களில் பலரிடமிருந்து தகவல் இல்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். யாரும் மோண்டேயின் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அவன் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

மோண்டேயின் படிக்குப் பதினோராவது மாதத்தில் கற்கள் திசை திரும்பின. அலுவலக வாசலில் வைத்த கற்கள் கதவுப் பக்கம் போகாமல், தெருவைக் கடந்து, பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி, கேப்டவுன் நெடுஞ்சாலையின் ஓரத்தில் மேற்கே நடக்க ஆரம்பித்தன. எந்தக் காலத்திலோ எச்சில் துப்பி அவற்றை வைத்தவர்கள் பிழைப்புத் தேடிப் போன திசை அது. முதலில் சொந்தக்காரர்கள் மாலையில் தள்ளுவண்டியோடு போய்ப் பிடித்து வந்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். "போறது போகட்டும். இங்க இருந்து அது என்ன கிழிச்சுது?" என்றாள் தோபேகா.

மோண்டே மட்டும் விடவில்லை. கல்லைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைப் பூட்டினான். அது பகல் முழுதும் கதவில் முட்டிக்கொண்டிருந்தது. லிலிதா வீட்டுப்பாடம் எழுதும்போதும், நொசூக்கோ ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய உடுப்புக்கு இஸ்திரி போடும்போதும், அந்த முட்டல் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் நின்றால்தான் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பன்னிரண்டாவது கையெழுத்து மார்ச்சில் முடிந்தது. மிஸ் ஜெஃப்தா கோப்பை மூடி, நூல் சுற்றி, "அடுத்து" என்று கூப்பிட்டாள். அன்று மாலை நொசூக்கோ துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக் கடைக்காரன் வேலை விஷயமா திங்கக்கிழமை சொல்றேன்னிருக்கான்" என்றான் மோண்டே.

"அவன் அக்டோபர்லருந்து திங்கக்கிழமைன்னுதான் சொல்றான், லிலிதா அப்பா. எந்தத் திங்கள்னு சொல்லல."

"நானும் வந்துடறேன்."

"வந்தா? பூட்டின வீட்டுல ஒரே வாரத்துல குழாய், சன்னல், கூரைத்தகடு எல்லாம் கழட்டிட்டுப் போயிடுவானுங்க. இருக்கிறது இது ஒண்ணுதான். யாராவது இருந்துதான் ஆகணும்."

அவள் மடித்து வைத்த துணிகளை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கல் கதவில் முட்டிக்கொண்டிருந்தது. நொசூக்கோ, "அதைப் புடிச்சு வெச்சு என்ன செய்யப்போற?" என்றாள். கல்லைப் பற்றித்தான் கேட்டாள் என்று அவன் எடுத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை நொசூக்கோ தலையில் வைத்துக்கொண்டாள், லிலிதா பையைத் தூக்கிக்கொண்டாள், மோண்டே கல்லைத் தோளில் சுமந்து வந்தான். பெட்ரோல் நிலையத்தின் முன் பேருந்து நின்றிருந்தது. அவர்கள் புறப்படுவதற்குக் கல் சேர்க்க ஒரு குவியல்கூட ஊரில் இல்லை, அதற்குத் தொடக்கம் தன் கைதான் என்பது அவனுக்குத் தெரியும். கல்லை இரண்டு கையாலும் மகளின் முன் நீட்டினான். லிலிதா அம்மாவைப் பார்த்தாள். பிறகு துப்பினாள். நொசூக்கோவும் துப்பினாள். அவன் அதைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி சாலையோரத்தில் வைத்து, நல்ல வழி கொடுங்கள் என்று முன்னோரைக் கேட்டான். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து கிளம்பியது. கல்லும் கிளம்பியது. குனிந்தால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அது கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. அவன் குனியவில்லை.

நொசூக்கோ கேப்டவுனை ஒட்டிய பெல்வில்லில் முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலையில் இருக்கிறாள். இரண்டு முறை ஊருக்கு வந்தாள், மூன்றாம் வருடம் விடுமுறை கிடைக்கவில்லை. லிலிதா அங்கேயே படிக்கிறாள். போனில் பேசும்போது எங்கள் மொழியின் சில சொற்களுக்கு அவள் தடுமாறுகிறாள், மோண்டே எடுத்துக் கொடுக்கிறான். தோபேகா மூடிய ஆலையின் வாசலில் பழைய துணி விற்கிறாள். மிஸ் ஜெஃப்தாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் கல்லில் பெயர் எழுதித் தன்னுடைய சன்னலின் வெளிப்பக்கத்து வரிசையில் வைத்தபோது அதற்கு நாற்பத்தோராவது இடம் கிடைத்தது. அது சாதாரணக் கல், வைத்த இடத்திலேயே இருந்தது. நடந்துபோன கற்களைக் கேப்டவுன் வழியிலுள்ள ஜார்ஜ் நகரத்துக்குச் சற்று முன்னால் பார்த்ததாகப் போன வருடம் ஒரு லாரிக்காரர் சொன்னார். சாலைத்துறையினர் அந்த இடங்களில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர்கள் குறைத்துக்கொண்டு போகிறார்கள். மோண்டே வீட்டில் இருக்கிறான். வேலை கிடைக்கவில்லை.