கோப்பு நாடா

சிவகங்கை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்த கடிதத்தையே நாலு முறை எடுத்துப் படித்தேன். 'மனுதாரர் நவநீதகிருஷ்ணன், தம் மகள் குறித்த விசாரணை அறிக்கையை நேரில் வந்து பார்வையிடலாம்.' தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மனு போட்டபோது, மூன்றாம் நபர் விவரம், தர இயலாது என்று பதில் வந்திருந்தது. பெற்ற மகளுக்கு நான் மூன்றாம் நபர் என்றால் முதல் இரண்டு பேர் யார் என்று மேல்முறையீட்டில் கேட்டிருந்தேன். கோபத்தில் எழுதியதுதான். வேலை செய்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் ஸ்வேதா யாரிடம் வளர்வது என்று எனக்கும் பிரிந்துபோன மனைவி சிந்துவுக்கும் வழக்கு நடந்தது. பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. ஓர் அதிகாரி பள்ளத்தூரில் சிந்துவின் வீட்டையும் செக்காலையில் என் வீட்டையும் பார்த்து, பிள்ளையிடம் தனியாகப் பேசி எழுதிக்கொண்டு போனார். தீர்ப்பு அம்மா பக்கம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த வருத்தம்கூட ஆறிவிட்டது. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா வேண்டாம் என்றாளா? அவளிடமே கேட்கத் தைரியம் இல்லை. இருப்பது ஒரு ஞாயிறு, அதையும் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

நான் தச்சன். அதிகாரி வருகிறார் என்றதும் ஒரே வாரத்தில் மகளுக்குத் தேக்கில் படிக்கிற மேசை செய்தேன். பிள்ளைகளுக்கு எது செய்தாலும் வளர்த்தி பார்த்து, கொஞ்சம் பெரிதாகவே செய்வது எங்கள் வழக்கம். காலேஜ் வரைக்கும் ஆகட்டும் என்று பெரியவர்களுக்கான உயரம் வைத்தேன். அதிகாரி முன்னால் ஸ்வேதா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மோவாய்தான் மேசைமேல் பட்டது. நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் பெண் எழுத்தர் முத்தழகு கோப்பின் நாடாவை அவிழ்த்துக் கொடுத்தார்.

"போட்டோ எடுக்கக் கூடாதுண்ணே. நிதானமாப் படிங்க."

'குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசை இல்லை' என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. காது சுட்டது. அடுத்த பக்கத்தில் பிள்ளை பேசியதை அப்படியே எழுதியிருந்தார்கள்.

'யாருடன் இருக்க விருப்பம்? அம்மாகூட. ஏன்? அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியாது. ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அவுந்துரும். அப்பா வீட்டில் என்ன பிடிக்கும்? மேசை. உனக்கு எட்டவில்லையே? அப்பா மடியில உக்காந்தா எட்டும்.'

கடைசி வரியை மட்டும் எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

"என்னண்ணே, சிரிக்கிறீகளா, அழுகுறீகளா?"

"சடைக்காகத்தான் தோத்திருக்கேன்மா."

முத்தழகு எட்டிப் பார்த்துப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேசைமேல் கிடந்த நாடாவோடு இன்னும் இரண்டு நாடாக்களைச் சேர்த்து நுனியில் முடிச்சுப் போட்டார்.

"இங்குட்டு வாங்க. இம்புட்டு வேலை தெரிஞ்ச கைக்கு இது வராதா? ஓரத்து இழையைத் தூக்கி நடுவுல போடுங்க. அட, கயிறா திரிக்கிறீக? மெதுவா."

மரத்தில் நூல் பிடித்துக் கோடு போடுகிற கை, மூன்று நாடாவிடம் திண்டாடியது. நாலாவது முறை சரியாக வந்தது. அரசாங்க நாடா என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்வேதா வந்ததும் கேட்டேன்.

"ஒரு தடவை அவுத்து அப்பா பின்னிப் பாக்கவா?"

"நீங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரிப்பனை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பிறகு நாற்காலியைத் தட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"இப்பத்தான் மேசை எட்டுதே ஒனக்கு?"

"எட்டும்" என்று சொல்லிக்கொண்டே மடியில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை விரித்தாள்.

தலையை ஆட்டி ஆட்டி எழுதினாள். நான் மூச்சுவிடாமல் பின்னி முடித்தேன். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் சடை. நுனியை இறுக்கிப் பிடித்தபடி ரிப்பனைத் தேடினேன். அது மேசையின் அந்தக் கோடியில் கிடந்தது. எனக்கு எட்டவில்லை.