பூந்தி தோண்டலாம்

1

2014 மார்ச் 8, சனிக்கிழமை, காலை 10.20. நியூசிலாந்து, ஆக்லாந்து நகரின் ஒடாஹுஹு. மேற்கே மழை, கிழக்கே வெயில், நடுவே எங்கள் புல்வெளி. இரண்டும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தன.

வாசகரே, இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் பிறந்தது. அங்கிருந்துதான் பார்த்தேன்; பிறகு பொறுக்க மாட்டாமல் வெளியே போய் நின்றேன். முன்வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பெயர் செல்வி, ஊர் மலேசியாவின் ஈப்போ, தொழில் பிறர் எழுதியதில் பிழை திருத்துவது. பின்வீட்டில் சுகந்தினி. இரண்டு வீடுகளுக்கும் உரிமையாளர் ஏரம்பமூர்த்தி. அவர்கள் இருவரும் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர்கள்.

2

முதல் தொடக்கம்: போரின் வடுக்களைச் சுமந்த அந்தப் பெண்ணின் கண்களில்—

(நிறுத்தினேன். சுகந்தினியின் கண்களில் அன்று இருந்தது தூக்கக் கலக்கம். நான்கு மாத நாய்க்குட்டி விடியுமுன் குரைக்கும் வீட்டில் யாருக்கும் அதுதான் இருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: கண்ணிவெடி என்பது—

(கட்டுரையாகிவிட்டது. ஆயினும் ஒரு கரண்டி கட்டுரை தேவை, பொறுத்தருள்க.)

மண்ணுக்குள் புதைந்த வெடிமருந்தை நாய் மூக்கால் அறியும். அறிந்ததும் தொடாது, அதனருகே அப்படியே உட்கார்ந்துவிடும். பிறகு மனிதர்கள் வந்து மண்ணை மெல்ல விலக்குவார்கள். நாய்க்குக் கூலி ஒரு ரப்பர் பந்து. (இவ்வளவு ஆபத்தான வேலையை இவ்வளவு குதூகலத்தோடு செய்யும் வேறு எவரையும் நான் அறியேன்.) அந்தப் பயிற்சிக்குப் போகுமுன் குட்டி ஏதேனும் ஒரு வீட்டில் வளர வேண்டும், படிக்கட்டு, லாரிச் சத்தம், ஈரப் புல், அந்நியர் என எதற்கும் அஞ்சாதிருக்கப் பழக வேண்டும். ஒரு சிறிய தொண்டமைப்பு அதற்காக ஆக்லாந்தில் வீடுகள் தேடியது. சுகந்தினி முன்வந்தாள், பூந்தி வந்து சேர்ந்தது. மஞ்சள் நிறம், உருண்டை வடிவம். பெயருக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

3

வாடகை ஒப்பந்தப்படி வீட்டில் விலங்கு வளர்க்கக்கூடாது. திங்கட்கிழமைக்குள் உரிமையாளர் கையொப்பமிட்ட சம்மதம் வேண்டும். இல்லையேல் பூந்தி திரும்பிப் போகும். வேறு வீடு கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் அதைச் செல்லப்பிராணியாக வாங்கிக்கொள்வார். பூந்திக்கு அதில் துயரம் ஏதுமில்லை. ஆனால் கண்ணிவெடி நிலத்தில் இறங்கவேண்டிய நாய்களில் ஒன்று குறையும். வட இலங்கையின் முகமாலையில் சுகந்தினியின் தாய்வழிக் காணி இன்னும் கண்ணிவெடி எச்சரிக்கும் சிவப்புப் பலகைக்குப் பின்னால் கிடக்கிறது. சென்ற ஆண்டு போனபோது, தன் வீட்டுக் கிணற்றை எல்லை நாடாவுக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

[குறிப்பு: இதற்கு அடுத்து ஒரு பத்தி இருந்தது. சுகந்தினி படித்துவிட்டு, "செல்வியக்கா, இதில நான் கனக்க அழுறன்" என்றாள். நீக்கிவிட்டேன்.]

4

ஏரம்பமூர்த்தி கெட்டவர் அல்லர். அவருக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது, அவ்வளவே. இந்நகரின் குளிரில் அது பிழைப்பதே அரிது. தம் வீட்டில் வெயில் போதாதென்று எங்கள் முற்றத்தில் நட்டிருந்தார். குளிர்காலத்தில் வந்து அதற்குப் போர்வை போர்த்துவார். எங்கள் ஹீட்டர் பழுதானபோது அவ்வளவு விரைந்து வந்ததில்லை.

"பிள்ளை, நாய் சரிவராது" என்றார் அன்று காலை, சுகந்தினியிடம்.

"அண்ணை, ஒருக்கா ஆளைப் பாருங்கோவன்."

"பாத்திட்டன். நாலு கால் கிடக்கு. சரிவராது."

சுகந்தினி ஒரு மணிக்கட்டில் பூந்தியின் வாரைச் சுற்றிக்கொண்டு, மறுகையால் சம்மதத் தாளை நீட்டியபடியே நின்றாள். முகத்துக்கு நேரே மறுப்பது அவருக்கு வராது. ஆகவே எந்த நாயாலும் நிறைவேற்ற இயலாத நிபந்தனைகளை அடுக்கத் தொடங்கினார்.

"சொன்ன இடத்தை விட்டு அங்கால இஞ்சால போகக்கூடா."

"ஓம் அண்ணை. நேர்கோட்டில போகத்தான் பழக்கிறது."

"கூப்பிட்டா அந்த இடத்திலயே நிக்கவேணும்."

"அதுதான் முதல் பாடம்."

"கண்ட சாமானிலயும் வாய் வைக்கக்கூடா."

"வாயும் வைக்கேலாது, காலும் வைக்கேலாது. கண்டா பேசாமல் இருக்கவேணும்."

"மண்ணைக் கிண்டக்கூடா!"

"கிண்டுற நாய்க்கு அங்க வேலையே இல்லை, அண்ணை."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை செல்வி, இது நாயோ, அரசாங்க உத்தியோகத்தரோ?"

"நாய்தான் அங்கிள். லீவு கேக்காது."

தோற்றவர் சிரித்தார். தாளைக் காரின் முன்மூடியில் விரித்து, 'மண்ணைக் கிண்டக்கூடாது' என்று தம் கைப்பட எழுதினார். கையொப்பத்துக்காகப் பேனா கீழே இறங்கியது.

5

இங்கே மூன்று முடிவுகள் வரிசையில் நின்றன.

(அ) அவருடைய கார்ச் சாவி நனைந்த புல்லில் விழுகிறது. யாருக்கும் அகப்படவில்லை. பூந்தி மோப்பம் பிடித்துப் போய், சாவியருகே கம்பீரமாக—

(கைதட்ட வேண்டாம். நான்கு மாதக் குட்டிக்குச் சாவி ஒரு தின்பண்டம்.)

(ஆ) ஆண்டுகள் கழிகின்றன. முகமாலையில், அதே கிணற்றடியில், பூந்தி—

(எந்த நாய் எந்த நாட்டுக்குப் போகும் என்று தொண்டமைப்பு எவருக்கும் வாக்குத் தருவதில்லை.)

(இ) நடந்தது. எங்கே கையொப்பமிடுவது என்று காட்டிய சுகந்தினியின் மணிக்கட்டிலிருந்து வார் நழுவியது. பூந்தி நேர்கோட்டில் சென்றது (முதல் நிபந்தனை, பழுதின்றி). கறிவேப்பிலையடியில் நின்றது. பிறகு தோண்டியது. தன் பிறவிப்பயனே அதுவென்பதுபோல் தோண்டியது. பின்னங்கால்களின் நடுவே மண் ஊற்றாகப் பீறிட்டு உரிமையாளரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"ஐயோ, என்ரை கருவேப்பிலை!"

"பூந்தி!"

ஒரே அழைப்பு. பூந்தி நின்றது, உட்கார்ந்தது. மூக்கில் ஒரு கட்டிச் சேறு, வால் மட்டும் மண்ணை அடித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். (எழுதுகிறவர் தம் கதைக்குள் நின்று சிரிப்பது முறையன்று. நிறுத்த முடியவில்லை.)

ஏரம்பமூர்த்தி குழியருகே குந்தினார்.

"அங்கயும் இப்பிடிக் கிண்டினா?"

"அங்க கிண்டினா பூந்தி இல்லை, அண்ணை. வாரைப் பிடிச்சு நிக்கிற ஆளும் இல்லை." அவளும் குந்தி, கைகளால் மண்ணைத் தள்ளி வேரை மூடத் தொடங்கினாள். "அதாலதான் சொல்லுறன், எல்லாத்தையும் இஞ்சயே கிண்டி முடிக்கட்டும். இஞ்ச பிழை விட்டா ஒரு செடிதானே போகும்."

"ஒரு செடிதானேயோ!"

"சரி, நல்ல செடி."

மழை நின்றது. வெயிலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. அது பாட்டுக்கு அடித்தது.

"எங்கட பக்கம் போகுமோ?" என்றார் மெல்ல.

(இங்கே அவளை 'ஓம்' சொல்லவைத்து இரண்டு பிரதிகள் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன்.)

"தெரியாது அண்ணை. கம்போடியாவுக்கும் அனுப்புவினம்."

அவர் செடியின் அடிமண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். "கம்போடியாவிலயும் ஆக்கள்தானே இருக்கினம்" என்று செடியிடம் சொன்னார்.

6

பூந்தி பயிற்சியில் தேறுமா, எந்நாட்டு மண்ணில் முதன்முதலாக உட்காரும், அங்கே அதற்குப் பந்து எறியும் கை யாருடையது என்பவற்றை நான் எழுதப்போவதில்லை. மீதித் தாள் உங்களுடையது, வாசகரே. துணிந்து எழுதுங்கள், அதில் பிழை வந்தால் எவருக்கும் கால் போகாது.

நான் கண்ட கடைசிக் காட்சி இது. அவர் எழுந்து காரருகே போனார். தாம் எழுதிய 'மண்ணைக் கிண்டக்கூடாது' என்பதைக் குறுக்கே ஒரு கோடிட்டு அடித்தார். கீழே கையொப்பமிட்டார். அடித்தல் இல்லாத தாளே அழகு என்று இதுநாள்வரை நம்பியிருந்தவள் நான்.

சேற்றுக் கட்டைவிரல் பதிந்த அந்தத் தாளைச் சுகந்தினியிடம் நீட்டினார்.

"இந்தா பிள்ளை. செடியைச் சுத்தி ஒரு வேலி மட்டும் போடு."